அன்னமேரியைக் கண்டு நடுங்கியவர்கள் பட்டியல்

அன்னமேரியைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. அவள் வீட்டுக் கோழிகூடப் பயந்ததில்லை. சூ, சூ என்று விரட்டினால் அது இன்னும் ஓர் எட்டு கிட்டே வந்து, என்ன சொல்கிறாய் என்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அப்படிப்பட்டவளைப் பயங்கரமானவள் என்று அரசாங்கக் காகிதத்தில் பதினொரு வருடம் எழுதி வைத்திருந்தார்கள் என்றால் உங்களுக்கு நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, பாதி நம்பினால் போதும். மீதியைக் கதை பார்த்துக்கொள்ளும்.

விருத்தாசலத்தில் ரயிலடிக்குப் போகிற வழியில் அப்போது மாதிரிப் பீங்கான் நிலையம் என்று ஒன்று இருந்தது. மற்றப் பீங்கான் பட்டறைகள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக அந்தப் பெயர். பட்டறைக்காரர்களும் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டு, எதையெல்லாம் செய்யக் கூடாது என்று கற்றுக்கொண்டு போவார்கள்.

அங்கே கப்புக்குக் காது ஒட்டுகிற பிரிவில் ஏழாம் மேஜை அன்னமேரியுடையது. அச்சிலிருந்து எடுத்த கப்பு பாதி காய்ந்து தோல்போல இருக்கும்போது, காதின் இரண்டு நுனியிலும் மண்குழம்பைத் தொட்டு ஒரே அழுத்தில் ஒட்டிவிட வேண்டும். அழுத்தம் கூடினால் கப்பு கோணிக்கொள்ளும். குறைந்தால் சூளைக்குள் காது கழன்று தனியே கிடக்கும். அன்னமேரி ஒட்டிய காது ஒன்றுகூடக் கழன்றதில்லை. அது ஒரு பெரிய விஷயம் என்று அவளுக்கும் தெரியாது, நிலையத்துக்கும் தெரியாது.

தெரிந்துகொண்டவர் ஒரே ஒருவர். 1963 பிப்ரவரியில் நிலையத்தைப் பார்வையிட வந்த வெளிநாட்டு நிபுணர். நெட்டையான வெள்ளைக்காரர், வெயிலில் மூக்கு மட்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது. சூளையைப் பார்த்தார், நகர்ந்துவிட்டார். அச்சுப் பிரிவைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். ஏழாம் மேஜைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கால் மணி நேரம் அன்னமேரியின் விரல்களையே பார்த்தார். பிறகு சுட்டெடுத்த கப்பு ஒன்றை எடுத்துக் காதை இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், தண்ணீரை நிரப்பி ஒற்றை விரலில் தொங்கவிட்டும் பார்த்தார். காது அசையவில்லை.

"டெரிஃபிக்" என்றார்.

வாயால் சொன்னதோடு விட்டிருக்கலாம். அவளுடைய பணி ஏட்டை வரவழைத்து, அந்த ஒற்றைச் சொல்லை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, கையெழுத்தும் போட்டார். இளநீர் குடித்தார். ரயிலேறிப் போய்விட்டார்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நிலையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தலைமை எழுத்தர் அப்துல் லத்தீப் அரைப்புள்ளியைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கிறவர். அர்த்தம் தெரியாத ஒரு சொல்லை ஏட்டுக்குள் படுக்கவிட அவருக்கு மனம் வரவில்லை. நிலையத்தின் ஒரே ஆங்கில அகராதியை அலமாரியிலிருந்து இறக்கினார். எண்பது வருடத்துப் புத்தகம். முன்பாதியைக் கறையான் படித்து முடித்திருந்தது. நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அந்தச் சொல் பின்பாதியில் இருந்தது.

பயங்கரமான. திகிலூட்டுகிற. கண்டாரை நடுங்கச் செய்கிற.

லத்தீப் மூன்று முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காம் முறையும் படித்தார். பிறகு மேலாளர் சக்கரபாணியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிறிது நேரத்தில் அன்னமேரிக்கு அழைப்பு வந்தது.

"உட்காரும்மா" என்றார் சக்கரபாணி. "வேணாம், நின்னுக்கோ. அந்த வாசப்படிக்கிட்டயே நின்னுக்கோ."

"நான் என்னா சார் பண்ணிட்டேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. வெள்ளைக்காரரு உன்னப் பார்த்து நடுங்கியிருக்காரு. எத்தினி நாட்டு சூளையைப் பார்த்த மனுஷன்."

"அவரு சிரிச்சிக்கிட்டுதான் சார் எழுதினாரு."

"பயத்துல சில பேரு சிரிப்பாங்க" என்றார் லத்தீப், அகராதியை நெஞ்சோடு அணைத்தபடி.

சக்கரபாணி மேஜை மேல் கைகளைக் கோத்துக்கொண்டார். அவர் அப்படிக் கோத்துக்கொண்டால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

"இதோ பாரு மேரி. தனிப்பட்ட முறையில எனக்கு உன் மேல எந்தப் பயமும் கெடையாது. ஆனா பதவி முறையில நான் பயந்துதான் ஆவணும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, மேலாளர் ஏன் முன்கூட்டியே பயப்படலன்னு கேப்பாங்க. நான் என்னா பதில் சொல்றது? தைரியமா இருந்தேன்னா? தைரியத்துக்கு இங்க ஒரு ரிஜிஸ்டர் கூட இல்லம்மா."

அந்த வருடம்தான் தினக்கூலிகளை நிரந்தரமாக்குகிற பட்டியல் வந்தது. பக்கத்து மேஜை ரசியா பேகம் அன்னமேரி சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவள். மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவள் ஒட்டின காதில் பத்துக்கு மூன்று சூளைக்குள் விழுந்துவிடும். ஆனால் அவளுடைய ஏட்டில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஆகவே நிரந்தரமானாள். அன்னமேரியின் பெயருக்கு எதிரில், 'பயங்கரம், நிறுத்தி வைக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதினார்கள்.

விதி எளிமையானது. நாற்பது வயது நிறைவதற்குள் நிரந்தரமாகாத தினக்கூலிக்கு, நாற்பதாவது பிறந்த நாளே கடைசி நாள். அன்னமேரிக்கு அப்போது இருபத்தொன்பது. அவளுடைய கணவன் ஸ்தனிஸ்லாஸ் பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கடைக்குக் காற்றடிக்க வருகிறவர்களைவிடக் காற்று வாங்க வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் அடுப்பு எரிவது ஏழாம் மேஜையால்தான்.

"இந்த ஊரே உன்னப் பார்த்து நடுங்குதாமே" என்றான் ஸ்தனிஸ்லாஸ், இரவுச் சோற்றில் கைவைத்தபடி. "ரசத்துல உப்பில்லன்னு சொல்றதுக்கு எனக்கும் பயமாதான் இருக்குது."

அவள் உப்பு டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு அழுதாள்.

மறுநாள் ஏழாம் மேஜையைச் சுற்றி ஆறடி தள்ளி ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். பீங்கான் மேல் பூப்போடுகிற வர்ணம் என்பதால் நன்றாகவே அமைந்தது. 'கோட்டைத் தாண்டுவோர் தம் பொறுப்பில் தாண்டவும்' என்று ஒரு பலகையும் மாட்டினார்கள். சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்று, அன்னமேரி காது ஒட்டுவதை வாயைத் திறந்தபடி பார்ப்பார்கள். சூளையைவிட ஏழாம் மேஜைக்குக் கூட்டம் அதிகம்.

இதோடு முடிந்திருக்கும். கடலூரில் இருந்த மேல் அலுவலகம் விடவில்லை. அடுத்த வருடம் அங்கிருந்து நாலு பக்கத்தில் ஒரு படிவம் வந்தது. பெயர், மாதாந்திர நடுக்க அறிக்கை. நடுக்கம் விளைவித்தவர் என்ற கட்டத்தில் அன்னமேரியின் பெயரை அச்சடித்தே அனுப்பியிருந்தார்கள். நடுங்கியவர் பெயர், நடுங்கிய நேரம், நடுங்கியது கையா காலா என்பதை மட்டும் நிலையம் நிரப்ப வேண்டும்.

முதல் மாதம் லத்தீப் ஒவ்வொரு மேஜையாகப் போய் விசாரித்தார். ஒருவரும் நடுங்கவில்லை. 'இல்லை' என்று எழுதி அனுப்பினார். ஐந்தாம் நாள் படிவம் திரும்பி வந்தது. 'இல்லை என்ற அறிக்கை ஏற்கப்படாது. நிபுணரே நடுங்கிய இடத்தில் ஊழியர் எவரும் நடுங்கவில்லை என்பது கண்காணிப்புக் குறைவையே காட்டுகிறது. தக்கவர்களை நடுங்கச் செய்து மறுபடி அனுப்புக.'

லத்தீப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காது ஒட்டும் பிரிவின் நடுவில் வந்து நின்றார். இருபது வருடச் சர்வீஸில் அவர் அனுப்பிய எதுவும் திரும்பி வந்ததில்லை.

"யாராச்சும் ஒருத்தரு நடுங்கிடுங்கம்மா. ரெண்டு நிமிஷ வேலை. என் மானம் போவுது."

ரசியா பேகம் கையைத் தூக்கினாள். "நான் நடுங்குறேன் சார். பாவம், நீங்களே நடுங்கிக்கிட்டு நிக்கிறீங்க."

"கையா, காலா?"

"எது சௌகரியம்?"

"போன தடவை கை கட்டம் காலியாப் போச்சு. கையே இருக்கட்டும்."

ரசியா அன்னமேரியைப் பார்த்துக் கையை ஆட்டிக் காட்டினாள். வளையல் சத்தம் கேட்டது. அன்னமேரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லத்தீப் நேரத்தைக் குறித்துக்கொண்டு, நிம்மதியாகப் போனார்.

இங்கேதான் கதை திரும்பியது. நடுங்கிய ஊழியரின் உடல்நலத்தை உத்தேசித்து, நடுங்கிய நாளில் மதியம் ஒரு மணிக்கு மேல் அவருக்கு ஓய்வு தரலாம் என்று கடலூர் உத்தரவு போட்டது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். தினக்கூலிகள் நடுங்கினாலும் ஐந்து மணி வரைக்கும் நடுங்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

அடுத்த மாதம் ஒன்பது பேர் நடுங்கினார்கள். அதற்கடுத்த மாதம் முப்பத்தொரு பேர். நிலையத்தில் நிரந்தரமாக இருந்ததே முப்பத்தொரு பேர்தான். எல்லாரும் வெள்ளிக்கிழமைகளில் நடுங்கியதால் வெள்ளிக்கிழமை மதியம் நிலையம் வற்றின கோயில் குளம்போலக் காலியாகக் கிடந்தது. சக்கரபாணி கூட்டம் போட்டுக் கண்டித்தார்.

"நடுங்குறதுல ஒரு ஒழுங்கு வேணும். நம்ம நிலையம் மாதிரி நிலையம். மத்தவங்க பார்த்துக் கத்துக்குற எடம். இப்படி முட்டி மோதிக்கிட்டு நடுங்கினா வெளியில என்னா நெனைப்பாங்க?"

ஆகவே முறைப்பட்டியல் தயாரானது. பணி மூப்பின்படி, நாளுக்கு ஆறு பேர். ஒரு மணி அடித்ததும் அந்த ஆறு பேரும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். "நடுங்கிட்டேன் மேரி, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்புவார்கள். "பார்த்துப் போங்க" என்பாள் அன்னமேரி, தலையை நிமிர்த்தாமல். அவள் கையில் அப்போது ஒரு காது இருக்கும்.

சூளைக்கார நடேசு மட்டும் ஒருமுறை கோட்டைத் தாண்டி வந்து குனிந்து கேட்டான். "அக்கா, வியாழக்கெழமை என் பொண்ணைப் பார்க்க திட்டக்குடியிலேருந்து வராங்க. பட்டியல்ல என் பேரு இல்ல. நீ கொஞ்சம் நல்லா மொறச்சிப் பாத்தேன்னா, அவசர நடுக்கம்னு எழுதிக்குறேன்னு லத்தீப் சார் சொல்றாரு."

அன்னமேரி முறைத்துப் பார்த்தாள். நடேசு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பெண்ணுக்கு அந்த இடமே அமைந்தது. கல்யாணத்துக்கு அன்னமேரிக்குத் தனியாகப் பத்திரிகை வைத்தார்கள்.

வருடத்துக்கொரு முறை அவள் மனு கொடுத்தாள். அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும் என்று. வருடத்துக்கொரு முறை பதில் வந்தது. வெள்ளைக்காரர் எழுதியதை வெள்ளைக்காரரே வந்து அடிக்க வேண்டும் என்று.

அறுபத்தெட்டில் கறையான் அகராதிக்குப் பதிலாகக் கடலூரிலிருந்து வேறு ஓர் அகராதி அனுப்பினார்கள். கொஞ்சம் புதிது, நாற்பது வருடத்தது. லத்தீப் ஆர்வமாகப் புரட்டினார். அந்தச் சொல்லுக்கு அதில் அர்த்தம் மாறியிருந்தது. அளவு கடந்த, மிகப் பெரிய.

அன்னமேரியைக் கதவு நிலையோடு நிறுத்தி வைத்து அடிக்கோலால் அளந்தார்கள். நாலடி பத்து அங்குலம். 'இப்போதைக்கு அளவு கடந்ததாகத் தெரியவில்லை, கவனித்து வரப்படும்' என்று குறிப்பு எழுதினார்கள். இரண்டு அர்த்தங்களில் எதையும் விட மனமில்லாமல் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து படிவத்தில் ஒரு கட்டம் கூடியது. நடுக்கத்தின் அளவு: சிறிது, நடுத்தரம், அளவு கடந்தது. அளவு கடந்து நடுங்கினால் பன்னிரண்டு மணிக்கே போகலாம் என்றொரு வதந்தி கிளம்பி, நிலையம் ஒரு வாரம் பூகம்பம் வந்ததுபோல ஆடியது. பிறகு அடங்கியது.

இப்படியே எழுபத்துநாலு வந்தது. செப்டம்பர் பதினாலாம் தேதி அன்னமேரிக்கு நாற்பது. ஆகஸ்டு கடைசியில், ஆங்கிலக் கோப்புகளையெல்லாம் தமிழாக்குவதற்கு நடராசன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். நேர்மையானவர். அதற்கு முன் அரசாங்க வேலை பார்த்ததில்லை. சென்னையில் வாங்கின புத்தம் புது அகராதி ஒன்று அவர் பையில் இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் சிவப்புக் கோட்டைக் கவனிக்காமல் தாண்டிக்கொண்டு ஏழாம் மேஜைக்கு ஓடி வந்தார்.

"அம்மா, நீங்க பயங்கரம் இல்லம்மா. பிரமாதம்."

"என்னா சார்?"

"அந்த வார்த்தை. அது முன்ன பயங்கரம்னு இருந்துது. அப்புறம் பெருசுன்னு ஆச்சு. அவங்க பேச்சு வழக்குல அதுவே மாறிப் போயி இப்போ பிரமாதம், அபாரம்னுதான் அர்த்தம். இதோ அச்சுல இருக்குது பாருங்க. அந்த வெள்ளைக்காரரு உங்களப் பாராட்டிட்டுப் போயிருக்காரு. பதினோரு வருசமா உங்க மேல இருந்தது பாராட்டும்மா."

அன்னமேரி கையிலிருந்த காதைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் மண்குழம்பு. அன்று சாயங்காலம் வீட்டில் கேசரி கிண்டினாள். ஸ்தனிஸ்லாஸ் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் என்று இரண்டு முறை சொன்னான். கேசரிக்கா அவளுக்கா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சக்கரபாணி கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சந்தோஷம் மேரி. ரொம்ப சந்தோஷம். ஆனா பாரு, பயங்கரத்துக்கு இங்க எல்லாம் இருக்குது. படிவம் இருக்குது, ரிஜிஸ்டர் இருக்குது, சிவப்புக் கோடு இருக்குது, பலகை இருக்குது. பத்து வருசம் விடாம ஒரு அறிக்கை போயிருந்தா, அந்த வேலையை நிரந்தரமாக்கணும்னு விதியே இருக்குது. இந்த மாசம்தான் உனக்குப் பத்து வருசக் கணக்கு முடியுது. நான் கடலூருக்கு எழுதக்கூட எடுத்து வச்சிட்டேன். பிரமாதத்துக்கு என்னா இருக்குது? ஒண்ணுமே இல்ல. அப்படி ஒரு ஆளு வருவாங்கன்னு யாரும் எதிர்பார்க்கல."

"அப்போ நான் பிரமாதமா வேலை செஞ்சா வேலை கெடையாதுங்களா சார்?"

"அப்படிச் சொல்லாத. பதினாலாந் தேதி பிரிவு உபசாரத்துல ஒரு பாராட்டுத் தாளு தருவோம். கண்ணாடி போட்டு."

வெளியே வந்தபோது காது ஒட்டும் பிரிவே வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. ரசியா மட்டும் எழுந்து வந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அது அன்னமேரிக்காகப் பாதி, தனக்காகப் பாதி.

"மேரியக்கா, அந்த நடராசனை யாரு பொஸ்தகம் வாங்கச் சொன்னது? நல்லாதானே போயிக்கிட்டு இருந்துது. இந்த பத்து வருசத்துல என் மொறை நாள்ல நான் ரெண்டு மணி பஸ்ஸைத் தவற விட்டதே இல்ல."

"நான் என்னாடி பண்ணட்டும்?"

"திங்கக்கெழம கடலூர்லேருந்து அதிகாரி வராராம். பயங்கரமா பிரமாதமான்னு அவருதான் முடிவு பண்ணுவாராம். நீ எப்படியாச்சும் அவரைப் பயமுறுத்திடுக்கா."

பத்து வருடம் பயங்கரத்தை அடிக்கச் சொல்லி மனு கொடுத்தவள், இப்போது அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கண்ணாடி முன் நின்று முறைத்துப் பழகினாள். கண்ணை உருட்டினாள். பல்லைக் கடித்தாள். கோழி வந்து பக்கத்தில் நின்றுகொண்டு அதுவும் கண்ணாடியைப் பார்த்தது.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் விசாரணை நடந்தது. கடலூர் அதிகாரி வழுக்கைத் தலையும் மெல்லிய குரலுமாக இருந்தார். கடலூரில் நடுக்கப் பிரிவு என்றே ஒன்று இருப்பதும், அதில் பதினொரு பேர் வேலை பார்ப்பதும், அவர்தான் அதற்குத் தலைவர் என்பதும் அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. சக்கரபாணியும் லத்தீப்பும் இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். நிலையத்துக் கப்பில் தேநீர் வந்தது. ஜன்னலுக்கு வெளியே முப்பத்தொரு தலைகள்.

நடராசன் புது அகராதியை விரித்து வாசித்துக் காட்டினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"புது அகராதி விலை கொடுத்து வாங்கியது" என்றார் அதிகாரி. "பழையது இலவசமாக வந்தது. ஆகவே புதியதை ஒதுக்குவது கஷ்டம். சாட்சி உண்டா?"

ரசியா உள்ளே வந்தாள். "ரொம்பப் பயமா இருக்குங்க சார். இவங்களப் பார்த்தாலே கையி, காலு எல்லாம்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அழுகிறாள் என்று லத்தீப் குறித்துக்கொண்டார்.

அதிகாரி அன்னமேரியை ஏறிட்டுப் பார்த்தார். "அம்மா, மன்னிக்கணும். எனக்கு உங்களைப் பார்த்தால் பயமாகவே இல்லையே."

அன்னமேரி பழகி வைத்தபடி முறைத்தாள். அதிகாரி, "கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று அக்கறையாகக் கேட்டார். அவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை. அடுப்பு, ஏழாம் மேஜை, விரல் நுனியில் ஈரமாக உட்காருகிற காது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"முடியலீங்க சார்" என்றாள். "எனக்கு யாரையும் பயமுறுத்தத் தெரியலீங்க. பிரமாதம்னே எழுதிக்குங்க. நான் போயிடுறேன்." கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள். மனதில் இருந்த சந்தேகத்தை வெள்ளந்தியாகக் கேட்டாள். "ஆனா ஒண்ணு சார். நான் போயிட்டா இந்தப் படிவம் நின்னுடுமில்ல. அப்போ இவங்கள்லாம் தெனம் அஞ்சு மணி வரைக்கும் வேலை செய்யணுமா? நீங்க பதினோரு பேரும் அங்க என்னா சார் பண்ணுவீங்க?"

அறையில் ஒரு சத்தம் கேட்டது. சன்னமான, கிணுகிணு என்ற சத்தம். மூன்று அதிகாரிகள் கையிலும் கப்பு சாசரின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே முப்பத்தொரு சாப்பாட்டுத் தூக்குகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சக்கரபாணியின் கப்பில் காது தனியே கழன்று கையோடு வந்தது. தேநீர் அகராதியின்மேல் கொட்டியது. லத்தீப்பின் கப்பிலும் காது கழன்றது. கடலூர் அதிகாரியின் கப்பு ஆடிற்றே தவிர, காது அசையவில்லை. அது யார் ஒட்டியது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதிகாரி கப்பை இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாக மேஜைமேல் வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த மெல்லிய குரல் இன்னும் மெலிந்திருந்தது.

"எழுதிக்கொள்ளுங்கள் லத்தீப். பயங்கரம். அளவு, கடந்தது. மூன்று அதிகாரிகள் முன்னிலையில் நேரில் நிரூபிக்கப்பட்டது. புதிய அகராதி நனைந்துவிட்டபடியால் அது கணக்கில் கொள்ளப்படவில்லை."

"கையா காலா சார்?" என்றார் லத்தீப். குரல் அவருக்கும் நடுங்கியது.

"இரண்டும்."

செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி நிரந்தர உத்தரவு வந்தது. பதவியின் பெயர்: நடுக்கம் விளைவிப்பவர், இரண்டாம் நிலை. ஓய்வு நேரத்தில் கப்புக்குக் காது ஒட்டலாம் என்று அடியில் ஒரு வரி இருந்தது. ரசியா மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொண்டுவந்தாள். நடராசன் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஈரமான அகராதியைப் பக்கம் பக்கமாக விசிறியால் காயவைத்துக்கொண்டிருந்தார். அன்னமேரி அவருக்கு ஒரு தட்டு தனியாக எடுத்துப் போய் வைத்தாள். "நீங்க சொன்னதுதான் சார் நெசம். எனக்குத் தெரியும்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

மாதக் கடைசியில் லத்தீப் நடுக்க அறிக்கையோடு ஏழாம் மேஜைக்கு வந்தார்.

"இப்போ நீயும் பர்மனென்ட்டு. முறைப்பட்டியல்ல உன் பேரும் ஏறிடுச்சி. இன்னிக்கி உன் மொறை. கையெழுத்துப் போடு."

"யாரைப் பார்த்து சார் நான் நடுங்குறது?"

லத்தீப் படிவத்தைப் பார்த்தார். நடுக்கம் விளைவித்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர் வழக்கம்போல அச்சிலேயே இருந்தது. அடிக்க முடியாது. நடுங்கியவர் என்ற கட்டம் காலி. காலியாக அனுப்ப முடியாது.

"போடும்மா" என்றார். "படிவம் திரும்பி வராம இருந்தா சரி."

அன்னமேரியைக் கண்டு அன்னமேரி நடுங்கினாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அளவு, சிறிது. கடலூர் அதை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அன்று முறை இருந்த மற்ற ஐந்து பேர்தான் முணுமுணுத்தார்கள். அவள் இல்லாத இடத்தில் நடுங்க விதியில்லை என்பதால், அவர்கள் ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருத்தியான ரசியா இரண்டு மணி பஸ்ஸைத் தவற விட்டாள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு அன்னமேரி நிலையத்தின் கதவைத் தாண்டினாள். பதின்மூன்று வருட வேலையில் அந்த நேரத்துத் தெருவை அவள் பார்த்ததே இல்லை. வெயில் இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று தெரியாது. நிதானமாக நடந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள்.

ஐந்து மணிக்கு முன் அவள் வரவே மாட்டாள் என்று இத்தனை காலம் நம்பியிருந்த கோழி, அடுப்படியில் சோற்றுப் பானைமேல் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் இறக்கையை அடித்துக்கொண்டு, பானையைக் கவிழ்த்து, அலறியபடி கொல்லைப்புறமாக ஓடிப்போயிற்று.

அன்னமேரி சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தாள்.